மகனைப் பற்றிய செய்தி எனக்கு மட்டும் ஏன் கடைசியில் வருகிறது?

கேள்வி: நாங்கள் சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறோம். எனக்குச் சாங்கி விமான நிலையத்தில் சுழல்முறை வேலை. கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கும் வேலை நேரம் மாறிக்கொண்டே இருக்கும். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். அவன் தொடக்கப்பள்ளியில் இருந்தவரை வகுப்பாசிரியரின் கைப்பேசி எண்கூட என்னிடம் இருந்தது. இப்போது பள்ளியில் என்ன நடக்கிறது என்பதே தெரியவில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்ற ஒரே பதில்தான். வாரம் இரண்டு பிற்பகல் தமிழ்ப் பாடத்துக்காக உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்கும் போகிறான் என்பதால், எந்த நாளில் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான் என்பதற்குக் கணக்கே இல்லை. சென்ற மாதம் கோயிலில் சந்தித்த ஒரு தாயார், பாடத் தேர்வு விளக்கக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்ட பிறகுதான் அப்படி ஒரு கூட்டம் நடந்ததே எனக்குத் தெரிந்தது. அதற்கான அறிவிப்பு மூன்று வாரம் முன்பே கணவரின் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. அவர் திறந்து பார்க்கவில்லை. மறுவாரம் பள்ளியிலிருந்து அழைத்து, மகன் தேசிய மாணவர் படைப் பயிற்சிக்கு நான்கு முறை வரவில்லை என்றார்கள். அதைக் கேட்ட என் மாமியார், "ஒரு மாசமா அவன் பூட்ஸுக்குப் பாலிஷே போடலையே" என்று சாதாரணமாகச் சொன்னார். ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பலாமா? மகன் தூங்கும்போது அவனுடைய கைப்பேசியைப் பார்ப்பது தவறா? அடுத்த பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு, தமிழ் மட்டுமே தெரிந்த மாமியாரும் வருகிறேன் என்கிறார், அழைத்துச் செல்லலாமா? அவருக்கு மூட்டுவலி வேறு.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை என் கண் நின்ற இடம், பூட்ஸுக்குப் பாலிஷ் போடவில்லை என்று உங்கள் மாமியார் சொன்ன இடம். பள்ளி உங்களை அழைப்பதற்கு முன்பே, ஆங்கிலம் தெரியாத, எந்தச் செயலியையும் திறக்காத ஒரு மூதாட்டிக்கு அந்தச் செய்தி கிடைத்திருக்கிறது. அது ஒரு செய்தி என்று அவருக்கும் தெரியவில்லை. அவரிடம் கேட்கலாம் என்று உங்களுக்கும் தோன்றவில்லை. 25 ஆண்டுகள் உயர்நிலைப்பள்ளிகளில் ஆசிரியராகவும், அவற்றில் சில ஆண்டுகள், ஒரு படிநிலையின் மாணவர் அனைவருக்கும் பொறுப்பான நிலைத் தலைவராகவும் இருந்தபோது, "பள்ளி எங்களுக்குச் சொல்லவே இல்லை" என்று வருத்தத்தோடு வந்த பெற்றோர் பலரைச் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனாலும் பேசப் பேச, தேடிய செய்தியின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே யாரிடமோ இருந்தது வெளிப்பட்டுவிடும்.

உங்கள் கேள்விகளில் இரண்டு வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தேதிகள், படிவங்கள், கூட்டங்கள், தேர்வு முடிவுகள் ஆகியவை ஒரு வகை. இவற்றைத் தெரிவிப்பது பள்ளியின் கடமை, பள்ளி அதைச் செய்தும் வருகிறது. உங்கள் மகன் யாரோடு சாப்பிடுகிறான், எந்தப் பாடவேளைக்குப் பயப்படுகிறான், படைப் பயிற்சி அவனுக்கு ஏன் கசந்தது என்பவை இன்னொரு வகை. இவற்றை எந்தப் பள்ளியும் கடிதமாக எழுதி அனுப்பாது, அனுப்பவும் முடியாது. முதல் வகைக்கு வீட்டில் ஒரு நிலையான ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில் தாயார் தேதிகளையும் படிவங்களையும் மகனிடமே துருவித் துருவிக் கேட்க வேண்டியதாகிறது. அதனால் அவன் வாயடைத்துப்போகிறான். இரண்டாம் வகைச் செய்தியும் வராமல் நின்றுவிடுகிறது. உங்கள் வீட்டில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் ஏற்பாட்டைப் பார்ப்போம். கல்வி அமைச்சும் அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பும் சேர்ந்து உருவாக்கிய பேரண்ட்ஸ் கேட்வே செயலி 2019 ஜனவரியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. பள்ளி அறிவிப்புகள், முகாமுக்கும் கற்றல் பயணத்துக்கும் பெற்றோர் தரவேண்டிய சம்மதம், விடுமுறையில் வெளிநாடு செல்லும்போது பள்ளிக்குத் தரவேண்டிய பயண விவரம், பெற்றோர் ஆசிரியர் சந்திப்புக்கு நேரம் பதிவுசெய்வது ஆகியவை அதன் வழியாகவே நடக்கின்றன. அரசாங்க மின்னிலக்க அடையாளமான சிங்பாஸ் வழியாக அதனுள் நுழைய வேண்டும். தாய், தந்தை இருவருமே தத்தம் கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டில் அது கணவரின் கைப்பேசியில் மட்டும் இருப்பதாகத் தெரிகிறது. பேருந்து ஓட்டும் ஒருவர் வேலை நேரத்தில் கைப்பேசியைத் தொடவே முடியாது; இறங்கியபின் குவிந்து கிடக்கும் ஐம்பது அறிவிப்புகளில் பள்ளியின் அறிவிப்பும் ஒன்றாகப் புதைந்துபோகும். ஆகவே அவரைக் குறைசொல்வதில் பயனில்லை. இன்றைக்கே உங்கள் கைப்பேசியிலும் அதைப் பதிவிறக்குங்கள். உள்ளே நுழைந்ததும் கடந்த மூன்று மாதத்து அறிவிப்புகளை ஒருமுறை கீழிருந்து மேலாகப் படித்துப் பாருங்கள். அரைமணி நேரத்துக்குள் பள்ளியின் போக்கு பிடிபட்டுவிடும்.

பார்த்துவிடுவதோடு வேலை முடிவதில்லை. உங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள், மூன்று வேறு நேரங்களில் மகனோடு இருக்கிறீர்கள். அவர்களில் மிக அதிக நேரம் இருப்பவர் செயலியைத் திறக்காதவர். எனவே தேக்கா மளிகைக் கடையில் ஆண்டுதோறும் தரும் பெரிய மாதக் காலண்டர் ஒன்றைச் சமையலறையில் மாட்டி, வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் ஒதுக்கி, வரும் வாரத்துக்கு உரியதை மட்டும் தமிழில் எழுதிவையுங்கள். "திங்கள், புதன்: தமிழ் நிலையம், மாலை ஆறு மணிக்குள் வீடு. வெள்ளி: படைப் பயிற்சி, சீருடை." இவ்வளவு போதும். யாரும் யாரையும் விசாரிக்காமலேயே, நேரத்துக்கு வராத பிள்ளையைப் பற்றி உங்கள் மாமியாரால் உங்களுக்குச் சொல்ல முடியும். எழுதும் வேலையை மகனிடமே ஒப்படைத்தால் இன்னும் நல்லது. வயது பதினான்கைத் தொடும் பிள்ளைக்கு அது கடினமில்லை, தமிழ் எழுத்துப் பயிற்சியும் கூடவே நடக்கும்.

தொடக்கப்பள்ளியில் எல்லாம் தெரிந்த உங்களுக்கு இங்கே ஒன்றும் தெரியாமல் போனதற்கு வேறு காரணங்களும் உண்டு. தொடக்கப்பள்ளியில் ஒரே வகுப்பாசிரியர் பல பாடங்களை நடத்துவார். பிள்ளை நாள் முழுவதும் அவர் கண்முன் இருப்பான். உயர்நிலையில் அப்படியில்லை. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் தொடங்கி, மாணவர்களைத் தேர்ச்சிப்படி பிரித்துவைத்த எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகள் நீக்கப்பட்டு, பாட அடிப்படையிலான வகைப்படுத்துதல் முழுமையாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் மகனின் வகுப்பில், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவை வைத்துப் பிரிக்கப்படும் மூன்று சேர்க்கைக் குழுக்களையும் சேர்ந்த மாணவர்கள் கலந்து இருப்பார்கள். ஓவியம், இசை, உடற்கல்வி, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவு பயனீட்டாளர் கல்வி, நற்பண்பு குடியுரிமைக் கல்வி ஆகிய ஆறையும் அவர்கள் ஒன்றாகக் கற்பார்கள். பாடநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் இது. ஆங்கிலம், கணிதம், அறிவியல் போன்ற பாடங்களுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்ற மூன்று நிலைகளில் (ஜி3 மிகக் கடினமானது) அவரவர் நிலைக்கேற்பப் பிரிந்து வேறு அறைகளுக்குப் போய்விடுவார்கள். ஆகையால் வகுப்பாசிரியர் உங்கள் மகனுக்குக் கணிதம் கற்பிப்பவராக இல்லாமல் இருக்கலாம். கணித ஆசிரியருக்கோ அவன் காலைக் கூட்டத்தில் தனியாக நிற்கிறானா, நண்பர்களோடு நிற்கிறானா என்பது தெரியாமல் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் தமிழாசிரியர் வேறொரு கட்டடத்திலேயே இருக்கிறார். ஒருவரைக் கேட்டு முழுப் பிள்ளையையும் தெரிந்துகொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட்டு, வருகை, நடத்தை, நண்பர்கள் பற்றி வகுப்பாசிரியரையும், பாடம் பற்றி அந்தந்தப் பாட ஆசிரியரையும், இருவராலும் தீராத விஷயத்துக்கு நிலைத் தலைவரையும் அணுகுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு மாற்றத்தைப் பல பெற்றோர் மனத்தளவில் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நம் காலத்தில் மே மாதம் வந்தால் அரையாண்டுத் தேர்வு வரும். முடிவைப் பார்த்துப் பெற்றோர் பதறுவார்கள், துணைப்பாட ஆசிரியரைத் தேடுவார்கள். பதற்றம் நல்லதில்லை என்றாலும், ஆண்டின் நடுவே அது ஓர் எச்சரிக்கை மணியாக இருந்தது. 2023க்குள் தொடக்க, உயர்நிலைப் பள்ளிகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டன. ஆண்டிறுதித் தேர்வுக்கு முன் இருப்பவை, இறுதி மதிப்பெண்ணில் சேரும் சிறு சோதனைகள்தாம். ஒரு தவணைக்கு ஒரு பாடத்தில் ஒன்றுக்கு மேல் அவை இருக்கக் கூடாது என்பது 2019 முதல் உள்ள விதி. மணி அடிக்கும் வரை காத்திருக்கும் பழக்கமுள்ள பெற்றோருக்கு, அக்டோபரில் திடீரென்று இடி விழுந்ததுபோல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஒவ்வொரு தவணை முடிவிலும் அந்தச் சோதனைத் தாள்களை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருப்பதை அவனையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளிப் பாடங்கள் பலவும் ஏறியிருக்கும் மாணவர் கற்றல் தளம் என்ற இணையத்தளமும் அப்படித்தான். அது மாணவரின் கணக்கு என்பதால், அவன் பக்கத்தில் அமர்ந்து காட்டச் சொன்னால் எந்தப் பயிற்சி முடிந்தது, எது நிலுவையில் இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நீங்கள் தவறவிட்ட பாடத் தேர்வுக் கூட்டம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் அது ஒன்றுதான். உயர்நிலை இரண்டின் முடிவில் மாணவர்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்தப் பாடம், எந்த நிலையில் என்ற இரண்டு முடிவுகளும் பின்னர்த் தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆகியவற்றின் வாசலில் வந்து நிற்கும். 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாகச் சிங்கப்பூர் கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் என்ற ஒரே சான்றிதழ் வருகிறது. உங்கள் மகனும் அந்த முறைக்குள்தான் வருகிறான். ஆகவே, திருமண வீடுகளிலும் கோயில் மண்டபத்திலும் "என் மூத்தவன் நார்மலில் இருந்து எக்ஸ்பிரஸுக்குப் போனான்" என்று அக்கறையோடு கிடைக்கும் ஆலோசனைகள், சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் மகனுக்கு இனிப் பொருந்தாது. பள்ளி அலுவலகத்தை அழைத்து, கூட்டத்தில் காட்டிய விளக்கப் படங்கள் கிடைக்குமா, விருப்பப் படிவம் தருவதற்குக் கடைசி நாள் எது என்று கேளுங்கள். பிறகு வகுப்பாசிரியரிடம் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போது ஒவ்வொரு பாடத்தையும் மகன் எந்த நிலையில் படிக்கிறான், எந்தப் பாடத்திலாவது ஒரு நிலை உயர வாய்ப்பு இருக்கிறதா, அதற்குப் பள்ளி எதிர்பார்க்கும் தேர்ச்சி என்ன. கூட்டத்துக்கு வராததற்காக யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள். வராதவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். பிறகாவது கேட்டவர்களை நாங்கள் மதித்தோம்.

ஆசிரியருக்கு வாட்ஸ்அப் அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசிரியர்கள் தங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணைப் பெற்றோருக்குத் தரவேண்டியதில்லை என்றும், பள்ளி நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு அவர்கள் பதிலளிப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம் என்றும் கல்வி அமைச்சு 2024ல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தொடக்கப்பள்ளி ஆசிரியர் எண்ணைத் தந்தது அவருடைய பெருந்தன்மை. இங்கே பள்ளி மின்னஞ்சலும் அலுவலகத் தொலைபேசியுமே வழி. சுழல்முறை வேலையில் இருக்கும் உங்களுக்கு மின்னஞ்சல்தான் வசதி. இரவு பதினொரு மணிக்கு எழுதினாலும் அது யாரையும் எழுப்பாது. இரண்டு மூன்று வேலை நாள்கள் பொறுத்திருங்கள். அவசரமென்றால் அலுவலகத்தை அழையுங்கள். 2026 ஜனவரி முதல் உயர்நிலை மாணவர்கள் இடைவேளையிலும், மாணவர் படை போன்ற இணைப்பாட நடவடிக்கையிலும்கூடக் கைப்பேசியைப் பயன்படுத்த முடியாது என்பதால், மகனுக்கு உடனே ஏதாவது சொல்ல வேண்டியிருந்தாலும் அலுவலகம்தான் வழி.

எப்படி எழுதுவது என்ற தயக்கம் நம்மவர்களிடம் நிறையவே உண்டு. குருவைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். பள்ளி அழைத்தால் மட்டுமே பள்ளிக்குப் போவோம். பள்ளி அழைப்பதோ ஏதாவது கெட்டுப்போன பிறகுதான். அதனால் ஆசிரியரோடு நடக்கும் முதல் பேச்சே பஞ்சாயத்தாக முடிகிறது. எந்தப் புகாரும் இல்லாத ஒரு நாளில், நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் யார், எந்த வகுப்பு மாணவரின் தாய் என்பது முதல் வரி. நீங்களும் கணவரும் சுழல்முறை வேலையில் இருப்பதால் சில அறிவிப்புகள் தவறிப்போயின, இனி இருவரும் பார்ப்போம் என்பது இரண்டாவது. வீட்டில் அவனைக் கவனிப்பவர் பாட்டி, அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பது மூன்றாவது. வகுப்பில் அவன் எப்படி இருக்கிறான், வீட்டில் நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா என்பது நான்காவது. ஆங்கிலம் இலக்கணச் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. நிலைத் தலைவராக இருந்த காலத்தில் எனக்கு வந்த மின்னஞ்சல்களில் மிகப் பயனுள்ளதாக இருந்த ஒன்றில் எழுத்துப்பிழை இல்லாத வரியே கிடையாது. அந்தத் தந்தைக்கு இரவு வேலை, பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறான் என்ற இரண்டு செய்திகள் அதில் இருந்தன. எங்களுக்கு அவை போதுமானவையாக இருந்தன.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாளை உடற்கல்விச் சீருடையா, பள்ளிச் சீருடையா என்று கேட்க அது நல்ல இடம். ஓர் ஆசிரியரைப் பற்றியோ வேறொரு பிள்ளையைப் பற்றியோ பேச்சு தொடங்கினால் அங்கே வாய் திறக்காதீர்கள். தேதியோ படிவமோ என்றால் செயலியில் சரிபார்க்காமல் நம்பாதீர்கள்.

இனி அந்த நான்கு நாள் விடுப்புக்கு வருகிறேன். உயர்நிலையில் இணைப்பாட நடவடிக்கை கட்டாயம். 2014ல் தொடங்கிய லீப்ஸ் 2.0 என்ற முறைப்படி, ஈடுபாடு, சாதனை, தலைமைத்துவம், சேவை என்ற நான்கு பிரிவுகளில் மாணவரின் பங்களிப்பு மதிப்பிடப்படுகிறது. ஈடுபாட்டுக்கு ஓர் ஆண்டில் குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும். வாரம் ஒருமுறை நடக்கும் பயிற்சியில் நான்கு போய்விட்டதால் எல்லாம் பாழ் என்று பயப்பட வேண்டியதில்லை. எட்டாக வளர்ந்தால் கவலைப்பட வேண்டியிருக்கும். பள்ளி உங்களை அழைத்தது தண்டிப்பதற்காக இல்லை. காரணம் என்ன என்று பள்ளிக்கும் தெரியாது. தெரிந்தவன் ஒருவன்தான்.

அவனிடம் எப்படிக் கேட்பது? "பள்ளியில் இன்று என்ன நடந்தது?" என்ற கேள்விக்குப் பதிமூன்று, பதினான்கு வயதில் "ஒன்றுமில்லை" என்பதே இயல்பான பதில். எட்டு மணி நேரத்தில் நடந்ததை ஒரு வரியில் சொல்லச் சொன்னால் பெரியவர்களும் அதைத்தான் சொல்வார்கள். உங்கள் கணவரிடம் "இன்று பஸ்ஸில் என்ன நடந்தது" என்று கேட்டுப் பாருங்கள். கேள்வி சிறியதாக, ஒரு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். அதற்கு அவனுடைய பாட அட்டவணையின் பிரதி ஒன்று காலண்டருக்குப் பக்கத்தில் இருப்பது உதவும். செவ்வாயன்று உணவுப் பாடம் இருந்ததென்றால், என்ன சமைத்தீர்கள் என்று பாட்டி கேட்கட்டும். அடுத்த ஞாயிறு அதை வீட்டில் செய்து காட்டச் சொல்லட்டும். உப்பு போதவில்லை என்று ஒரு குறையும் சொல்லட்டும். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பிள்ளைகள் சொல்வதை ஆலோசகர் அறையில் உட்கார வைத்து வாங்க முடியாது. எங்கள் பள்ளி ஆலோசகரே இதை என்னிடம் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பூட்ஸ் விஷயத்திலும் பாட்டியே முதலில் பேசுவது நல்லது என்பது என் எண்ணம். மாணவர் படை பூட்ஸுக்கு மெருகேற்றுவது எளிய வேலை இல்லை. பஞ்சை நனைத்து, கறுப்பு மெழுகைத் துளியாகத் தொட்டு, முன்முனையில் சிறுசிறு வட்டமாக அரைமணி நேரம் தேய்த்தால்தான் முகம் தெரியும். ஆண்டு முழுவதும் வாரந்தோறும் அதைச் செய்த பிள்ளை ஒருநாள் நிறுத்துகிறான் என்றால், அந்த அரைமணி நேர உழைப்பை யாரோ ஒருவர் ஒரு சொல்லால் மதிப்பிழக்கச் செய்திருக்கலாம். அல்லது பயிற்சி முடிந்து துணைப்பாடத்துக்கு ஓட வேண்டியிருந்திருக்கலாம். அல்லது நெருங்கிய நண்பன் வேறு அணிக்குப் போயிருக்கலாம். எதுவென்று நீங்களோ நானோ இங்கிருந்து ஊகிப்பது வீண். "பாலிஷ் டப்பா காய்ஞ்சுபோய்க் கிடக்குதே, தூக்கிப் போட்டுடவா?" என்று பாட்டி கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் வேலையைப் பார்க்கட்டும். அன்றைக்கே பதில் வராது. இரண்டு மூன்று நாளில் வரும். வரும் பதிலை அவர் உடனே உங்களிடம் ஓடிவந்து சொன்னார் என்பது மகனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டி ஒற்றர் என்று ஒருமுறை அவனுக்குத் தோன்றிவிட்டால், வீட்டில் அவனுக்கு மிஞ்சியிருக்கும் ஒரு கதவும் மூடிக்கொள்ளும். கிண்டல், மிரட்டல் என்று ஏதேனும் தெரியவந்தால் மட்டும் காத்திருக்காமல் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். பள்ளி ஆலோசகரைப் பார்க்கவும் ஏற்பாடு செய்யச் சொல்லலாம். ஆலோசகரிடம் அவன் பேசுவதையெல்லாம் உங்களுக்கு ஒப்பிக்க மாட்டார்கள். அவனுக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் என்ற நிலை இருந்தால் நிச்சயம் சொல்வார்கள்.

இதிலிருந்தே கைப்பேசி பற்றிய என் பதில் உங்களுக்குப் புரிந்திருக்கும். அவன் தூங்கும்போது திறந்து பார்க்காதீர்கள். பாதுகாப்பு பற்றிய உண்மையான அச்சம் இருந்தால், விழித்திருக்கும்போது அவனிடம் காரணத்தைச் சொல்லி, அவன் முன்னாலேயே பாருங்கள். திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்ட செய்தியை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றுமே செய்ய முடியாது. எப்படித் தெரியும் என்று அவன் கேட்கும் முதல் கேள்வியிலேயே பேச்சு திசைமாறிவிடும்.

மாமியாரைச் சந்திப்புக்கு அழைத்துச் செல்லலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் மகனை மொழிபெயர்ப்பாளன் ஆக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் என் மேசைக்கு எதிரே ஒரு பாட்டியும் பேரனும் அமர்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த சீன ஆசிரியை, வகுப்பில் அவன் ஓயாமல் பேசுகிறான் என்று ஆங்கிலத்தில் கவலையோடு சொன்னார். பேரன் சற்றும் தயங்காமல், "நான் நல்லாப் பேசுறேன்னு டீச்சர் சொல்றாங்க பாட்டி" என்றான். பாட்டி பூரித்துப்போய் ஆசிரியையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. தமிழ் தெரிந்த நான் அங்கே இருந்ததால் சிரிப்போடு முடிந்தது. உங்கள் விஷயத்தில் நீங்களோ கணவரோ உடன் இருந்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். மகனும் மேசையில் இருக்கட்டும். அவனைப் பற்றிய பேச்சு அவன் இல்லாமல் நடக்க வேண்டாம். சந்திப்பு பத்துப் பதினைந்து நிமிடம்தான் என்பதால், பாட்டி கேட்க விரும்பும் ஒரு கேள்வியை வீட்டிலேயே கேட்டு எழுதி எடுத்துப்போங்கள். உமறுப் புலவர் நிலையத்தின் தமிழாசிரியரைச் சந்திக்க வாய்ப்புக் கிடைத்தால் அங்கே பாட்டி நேராகவே பேசிக்கொள்ளலாம். அந்த நிலையத்தைப் போலவே பீட்டி சாலையில்தான் 1991ல் தொடங்கப்பட்ட, சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவும் இருக்கிறது; துணைப்பாடத்துக்கோ குடும்ப ஆலோசனைக்கோ தேவைப்பட்டால், அன்றைக்கே அங்கும் தமிழில் விசாரித்துவிட்டு வரலாம்.

பதிவுசெய்யும்போது இன்னொன்றையும் பள்ளி அலுவலகத்திடம் சொல்லிவையுங்கள். சந்திப்புகள் பெரும்பாலும் வகுப்பறைகளில் நடக்கும். மூன்றாம் மாடி வகுப்பறை என்றால் மூட்டுவலிக்காரருக்குப் படியேறுவது சிரமம். மின்தூக்கி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். முன்கூட்டியே தெரிவித்தால், உங்கள் சந்திப்பைக் கீழ்த்தளத்து அறைக்கு மாற்றித் தரவும் முயல்வார்கள்.